பழவேற்காட்டுக்கு ஒரு ஜோடி பீர்க் குவளைகள்

சென்ற மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, இனி வாழ்நாளில் பீரைக் கண்ணாடிக் குவளையில் மட்டுமே குடிப்பது என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்த நேரத்தில் வீட்டில் வேறு யாரும் இல்லை. மனைவி திரும்பி வந்ததும் முறைப்படி தெரிவித்தேன். "சரி, குடிச்சதும் கழுவி வெச்சிடுங்க" என்றார். உலகத்தின் பெரிய மாற்றங்கள் எல்லாம் முதலில் இப்படித்தான் வரவேற்கப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

முடிவுக்குக் காரணம் என் நண்பர் பாஸ்கர். அவர் கேன் கட்சி. கேனைத் திறந்து அப்படியே வாயில் கவிழ்ப்பதுதான் பீருக்குச் செய்யும் மரியாதை என்பது அவர் நிலைப்பாடு. வெளிச்சம் படாது, காற்றுப் படாது, கழுவவும் வேண்டாம். என் நிலைப்பாடு வேறு. சுவையில் பாதியை மனிதன் மூக்கால்தான் அறிகிறான். கேனின் வாய் நம் வாய்க்கு மட்டும் வழி விடும், மூக்குக்கு விடாது. பாட்டிலும் அதே ஜாதிதான். குவளையில் ஊற்றினால்தான் நுரை எழும். நுரை எழுந்தால்தான் வாசம் எழும். வாயு கொஞ்சம் வெளியே போய்விடுவதால் வயிறும் உப்பாது. எல்லாவற்றுக்கும் மேலாக, குடிப்பது என்ன என்று கண்ணால் பார்க்கலாம். நம் முன்னோர் கள்ளைப் பனையோலைப் பட்டையில் குடித்தார்கள் என்றால், அன்று கண்ணாடி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த வழக்கை மொட்டைமாடியில் தீர்க்க முடியாது. நல்ல மீன் வேண்டும், நல்ல காற்று வேண்டும், இருவருக்கும் பழக்கமில்லாத நடுநிலையான ஓர் ஊர் வேண்டும். பழவேற்காடு என்று முடிவாயிற்று. பாரிமுனையில் ஒரு பாத்திரக் கடையில் கைப்பிடி வைத்த கண்ணாடிக் குவளை வாங்கினேன். ஜோடியாகத்தான் தருவேன் என்றார் கடைக்காரர். ஜோடி இருநூற்று நாற்பது ரூபாய். அரசுக் கடை பகல் பன்னிரண்டுக்குத்தான் திறக்கும் என்பதால், முதல் நாள் மாலையே மூன்று கேன்கள் வாங்கிப் பனிக்கட்டியோடு சின்னப் பெட்டியில் அடைத்தேன். சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு பாஸ்கரிடமிருந்து செய்தி வந்தது: "மாமியார் வருகிறார். நீ போய்விட்டு வந்து முடிவைச் சொல்." எதிர்த்தரப்பு ஆஜராகாத வழக்கில் தீர்ப்பு எளிது. ஆனாலும் போனேன்.

போகும் வழி இது. சென்னை சென்ட்ரலை ஒட்டிய புறநகர் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் பொன்னேரி, சுமார் ஒரு மணி நேரம், பத்து ரூபாய். பொன்னேரியில் இறங்கி நடந்தால் பேருந்து நிலையம். அங்கிருந்து பழவேற்காடு இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, முக்கால் மணி நேரம். பேருந்தில் வலது பக்கம் உட்காருங்கள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் வலது பக்கம் உட்கார்ந்தேன். வெயில் அந்தப் பக்கம்தான் வந்தது.

பழவேற்காட்டில் முதலில் டச்சுக் கல்லறைத் தோட்டம். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து நடக்கும் தூரம்தான். வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே கற்பலகைகளில் யார் எந்தக் கப்பலில் வந்தார், எந்தப் பதவியில் இருந்தார் என்று விரிவாகப் பொறித்திருக்கிறது. பீர் குடிக்கும் நாட்டிலிருந்து வந்து நெடுங்காலம் இங்கே வாழ்ந்தவர்கள். எதில் ஊற்றிக் குடித்தார்கள் என்று ஒரு கல்லிலும் குறிப்பில்லை. வரலாறு எழுதுகிறவர்கள் எப்போதும் முக்கியமானதை விட்டுவிடுகிறார்கள்.

வெளியே வந்ததும் ஒரு ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டுநருக்கு நாற்பது வயது இருக்கும். காக்கிச் சட்டை, வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

"சாருக்கு இன்னா பாக்கணும்? லைட்ஹவுஸா, பறவையா?"

"மீன் சாப்பிட்டுக்கொண்டு அமைதியாக பீர் குடிக்க ஓர் இடம்."

என்னை ஏற இறங்க ஒரு முறை பார்த்தார். "அப்டி நேரா சொல்லுங்க சார். அல்லாரும் பறவைன்னு சொல்லிக்கினுதான் வர்றாங்க."

அவர் பெயர் தேசிங்கு. லைட்ஹவுஸ் குப்பம் காட்டி, பிறகு தன் வீட்டிலேயே சாப்பாடு போட்டு, மாலையில் பேருந்தில் ஏற்றிவிட அறுநூறு ரூபாய் பேசினோம். சாப்பாடு தனி, இருநூற்றைம்பது. படகுச் சவாரி உண்டா என்று கேட்டேன். சுற்றுலாப் படகுக்குத் தடை இருக்கிறது என்றார். இந்தத் தகவலை அன்று எனக்கு மூன்று பேர் சொன்னார்கள். அவர்களில் இரண்டு பேர் சொல்லிவிட்டுப் படகையும் காட்டினார்கள். நான் ஏறவில்லை, நீங்களும் ஏறாதீர்கள்.

லைட்ஹவுஸ் குப்பம், பாலம் தாண்டி சுமார் மூன்று கிலோமீட்டர். ஃபைபர் படகுகள் மணலில் மூக்கைத் தூக்கிக்கொண்டு வரிசையாகக் கிடந்தன. நான்கு பேர் நீல வலையை விரித்துப் பிடித்துக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார்கள். சாலையின் பாதியில் நெத்திலி காய்ந்தது. வண்டிகள் மீதிப் பாதியில் போயின. சாலை என்று எழுதிவிட்டேன். அதில் பெரும்பகுதி பள்ளம். மடியில் இருந்த பெட்டிக்குள் கேன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திரும்பும் வழியில் தேசிங்கு கேட்டார். "பாட்டிலா, கேனா சார்?"

"கேன்."

"அப்ப சரி. பாட்டிலு எங்க ஊருக்குள்ள வரக்கூடாது. ஒடஞ்சா ஏரிச் சேத்துல கெடக்கும். பொம்பளைங்க கையால துழாவி எறா புடிக்கிறாங்க. கையில கீறிச்சின்னா மாசக் கணக்குல தொழிலு போச்சு. வல கிழிஞ்சா இன்னும் பேஜாரு."

ஆக பாட்டில் கட்சி வேட்புமனு நிலையிலேயே தள்ளுபடியானது. மூன்றாவது கேன் வீணாகப் போகிறதே என்ற கவலையில், என்னோடு ஒரு கேன் குடிக்கலாமே என்று கேட்டேன். அவர் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த கையைத் திருப்பி மஞ்சள் கயிற்றைக் காட்டினார்.

"காப்பு கட்டிக்கினு கீறேன் சார். நாளைக்கு சீட்டு."

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. முகத்துவாரத்துப் பக்கம் இறால் வரும் இடங்கள் சிலதான். எந்தக் குழு, எந்த நாளில், எந்த இடத்தில் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். இந்த முறைக்குப் பாடு என்று பெயர். தேசிங்குவின் குப்பத்தில் அதற்கு ஆண்டுக்கு ஒரு முறை சீட்டு எடுக்கிறார்கள். எப்போதோ ஒரு வருடம் குடித்துவிட்டு வந்த இருவர் சீட்டு எடுக்கும் இடத்தில் மண்டையை உடைத்துக்கொண்டதிலிருந்து ஒரு கட்டுப்பாடு. பெயர் கொடுத்தவர்கள் அந்த ஒரு வாரம் அம்மன் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு குடிக்காமல் இருக்க வேண்டும். மீறினால் அந்த ஆண்டு பெயர் கிடையாது. பெயர் இல்லையென்றால் பாடு இல்லை. பாடு இல்லையென்றால் ஏரி இல்லை.

"போன வருசம் மாமனாரு சாவுக்குப் போயி ஒரே ஒரு குவார்ட்டரு. பேரு பூட்ச்சி" என்றார் தேசிங்கு. "ஒரு குவார்ட்டருக்கு ஒரு வருசம் சார். அல்லாரும் ஏரில, நான் ஸ்டாண்டுல. இந்த வண்டி கூட வாடக வண்டிதான். இந்த வாட்டி பேரு போனா எங்கூட்டுக்காரி என்ன வண்டியோட சேத்துத் தள்ளிடுவா."

அவர் மனைவி அஞ்சலை, தெருவைப் பார்த்த வீட்டு வாசலில், பூவரசமரத்தடியில் பெஞ்சு போட்டு எங்களை உட்கார வைத்தார். காலையில் மீன் ஏலம் எடுத்து பொன்னேரி வரை கொண்டுபோய் விற்கிறவர். குரலும் அந்தத் தூரத்துக்கு ஏற்றது. மடவை மீனை மிளகாய் தடவி வறுத்துக்கொண்டிருந்தார். துண்டில் சுற்றியிருந்த குவளைகளை நான் பிரித்து வைத்ததும் கரண்டியோடு வந்து பார்த்தார்.

"இன்னா சார் இது? ஆஸ்பத்திரில மூத்திரம் புடிக்கக் குடுக்கிற மாரி கீது."

"பீர்க் குவளை."

"டம்ளரு தர்றேன், அதுல ஊத்திக்கோங்க. டம்ளருல இருந்தா மோருன்னு நெனச்சிக்கினு போவாங்க. இதுல ஊத்தினா ஊரே பாக்கும்."

ஊரே பார்க்க வேண்டும் என்பதுதான் கண்ணாடியின் தத்துவம் என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். நேர்மையான மனிதன் நேர்மையான பாத்திரத்தில் குடிக்க வேண்டும். எவர்சில்வர் டம்ளர் இரகசியம் காக்கும் பாத்திரம். நமக்கு என்ன இரகசியம்? அஞ்சலை முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு மீனைத் திருப்பிப் போடப் போனார்.

இரண்டாவது குவளை சும்மா இருப்பது என் கண்ணை உறுத்தியது. ஜோடியில் ஒன்றை மட்டும் பயன்படுத்தினால் ஒப்பீடு எப்படி நடக்கும்? தேசிங்குவை முக்குக் கடையில் தனக்கு ஒரு ஆப்பிள் சோடா வாங்கி வரச் சொன்னேன். பிளாஸ்டிக் பாட்டில், இருபது ரூபாய். அதை நானே என் கையால் இரண்டாவது குவளையில் ஊற்றினேன். பொன்னிறம், மேலே வெள்ளை நுரை. அருமையாக இருந்தது. பிறகு என் கேனைத் திறந்தேன். லைட்ஹவுஸ் குப்பத்துச் சாலை முழுவதும் அதற்குள் இருந்தது. முதல் கால் பங்கு பீர், தேசிங்குவின் காக்கிச் சட்டை மீது போனது.

"அய்யய்யோ, கலீஜ் பண்ணிட்டீங்களே சார்" என்று சிரித்துக்கொண்டே சட்டையை உதறினார். மீதியை என் குவளையில் ஊற்றிக்கொண்டு, தேசிங்குவின் குவளையிலும் நுரை எழ இன்னும் கொஞ்சம் சோடா விட்டேன்.

அந்த நேரத்தில் தெருவில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஏகாம்பரம் என்று பிறகு தெரிந்தது. தேசிங்குவின் வலைக் குழுவிலேயே இருப்பவர், முறைக்கு மச்சான். எங்களைப் பார்த்தார். குவளைகளைப் பார்த்தார். "நடக்கட்டும் மச்சான், நடக்கட்டும்" என்றார். கடைக்குப் போய் வலை நூல் வாங்கிக்கொண்டு அதே வழியில் திரும்பி வந்தபோது இன்னொரு முறை பார்த்தார்.

மடவை வறுவல் பற்றி எழுத இதுதான் இடம். எழுத முடியவில்லை, இரண்டாவது துண்டை எடுக்கும்போது ஆள் வந்துவிட்டது. "தேசிங்கு, ஏலக் கொட்டாயாண்ட கூப்புடறாங்க. அந்த சாரையும் கூட்டியாரச் சொன்னாங்க."

தேசிங்கு மீன் துண்டைத் தட்டில் வைத்தார். தன் கையிலிருந்த குவளையைப் பார்த்தார். அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

ஏலக் கொட்டகை, மேலே தகரம் வேய்ந்த சிமெண்டுத் தளம். காலையில் மீன் கொட்டும் இடத்தில் இப்போது இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் பெண்கள் நின்றார்கள். பஞ்சாயத்துத் தலைவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். சிறுத்த மனிதர், சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு. என்னையும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அது மரியாதையா, கூண்டா என்று கடைசி வரை தெளிவாகவில்லை.

"ஏகாம்பரம், நீ பாத்தத சொல்லு."

"பூவரச மரத்தாண்ட ஒக்காந்துகினு, கண்ணாடி கிளாசு, மஞ்சளா, நொர பொங்கிக்கினு. இந்த சாரும் அதே கிளாசு, அதே மஞ்ச. நான் சைக்கிள தள்ளிக்கினு போறேன். எனக்கு இன்னா வேண்டுதலா?"

"ஆப்பிள் சோடாண்ணா" என்றார் தேசிங்கு. "அம்மன் மேல சத்தியமா சோடா."

"போன வாட்டியும் சத்தியம் பண்ணே."

"போன வாட்டி மாமனாரு சாவு!"

"இந்த வாட்டி யாரு செத்தா?"

சிரிப்பு எழுந்தது. தேசிங்கு சிரிக்கவில்லை. தலைவர் கையைக் காட்ட, ஒருவர் எழுந்து போய் தேசிங்குவின் வாயை முகர்ந்தார். வாயில் பூண்டு வாசம்தான், ஆனால் சட்டையில் பீர் நாற்றம் அடிக்கிறது என்று அறிக்கை தந்தார். கேன் பீய்ச்சியதை நான் விளக்கினேன். சோடா பாட்டில் சாட்சியாக வீட்டில் இருக்கிறது என்றும் சொன்னேன்.

"சோடா பாட்டில்ல பீர ஊத்தி வெக்கிறது எங்களுக்குத் தெரியாததா சார்?" என்றார் ஒருவர். பல தலைகள் அனுபவத்தோடு அசைந்தன.

"நான் உறுதியாகச் சொல்கிறேன். அவர் குடித்தது சோடா. பீர் குடித்தவன் நான்."

தலைவர் என்னை அன்போடு பார்த்தார். "நீங்க குடிச்சிருக்கீங்க சார். குடிச்சவங்க சொல்ற சாட்சி இங்க செல்லாது."

சட்டப்படி இதில் குறை சொல்ல முடியாது. அந்தக் கொட்டகையில் சம்பவ இடத்தில் இருந்தவர்களில் மனைவியை விட்டால் குடிக்காத ஒரே சாட்சி குற்றவாளிதான்.

ஏகாம்பரம் கெட்டவராகத் தெரியவில்லை. அவர் குரல் தணிந்திருந்தது. "எனக்கு அவன் மேல காண்டு இல்ல. போன வருசம் இவன் இல்லாம எங்க வலைக்கு ஒரு கை கொறஞ்சிச்சு. கூலிக்கு ஆளு வெச்சி கட்டினோம். நாளைக்கு சீட்டு எடுக்கற எடத்துல யாராச்சும் எழுந்து இவன் குடிச்சான்னு சொன்னா எங்க குழுவே வெளிய. அதான் இன்னிக்கே சொல்லிட்டேன். இருக்கறதுன்னா இரு, இல்லன்னா வேற ஆளு பாக்கணும்."

தலைவர் மற்றவர்களோடு தணிந்த குரலில் பேசினார். பேச்சு போன திசை தேசிங்குவின் முகத்தில் தெரிந்தது. மணிக்கட்டுக் கயிற்றை இடது கையால் மூடிக்கொண்டு நின்றார், யாரோ வந்து அவிழ்த்துவிடுவார்கள் என்பது போல. அப்போது ஓரத்திலிருந்து அஞ்சலையின் குரல் வந்தது. ஏலத்தில் விலை கேட்கும் குரல்.

"வாயில பேசிக்கினு இருந்தா எப்டி? ரெண்டையும் இங்க ஊத்துங்க. அதே கிளாசுல ஊத்துங்க. ஏகாம்பரம் கண்ணால பாக்கட்டும். எது எந்தக் கையில இருந்திச்சுன்னு சொல்லட்டும்."

"பொம்பளைங்க கம்முனு இருங்க" என்றார் ஒருவர்.

"கம்முனு இருந்தா உன் வூட்டு மீன யாரு விக்கிறது நைனா?" என்றார் அஞ்சலை.

குவளைகள் வந்தன. கழுவித் துடைத்து மீன் எடை போடும் பலகை மேல் வைத்தார்கள். ஒன்றில் மீதி சோடாவை அஞ்சலை ஊற்றினார். மற்றதில் இரண்டாவது கேனை, இந்த முறை கவனமாக, நான் ஊற்றினேன். கொட்டகை முழுவதும் எழுந்து நின்றது. இரண்டும் ஒரே பொன்னிறம். இரண்டிலும் ஒரே உயரத்துக்கு நுரை. "பாத்தீங்களா, ரெண்டும் ஒண்ணுதான்" என்று யாரோ சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் சோடாவின் நுரை சர்ரென்று கரைந்து, ஓரத்தில் நாலு குமிழியாகி, அதுவும் போய்விட்டது. பீரின் நுரை அப்படியே நின்றது. தகரக் கூரையின் கீழ் காற்று இல்லாததால் சாயக்கூட இல்லை.

தலைவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இரண்டு குவளைகளையும் குனிந்து பார்த்தார். "ஏகாம்பரம், நீ ரெண்டு வாட்டி பாத்தல்ல? நூலு வாங்கிக்கினு திரும்பி வரும்போது யாரு கிளாசுல நொர இருந்திச்சு?"

ஏகாம்பரம் பலகை அருகில் வந்து நின்றார். அவர் நினைத்தால் எதையும் சொல்லியிருக்கலாம், மறுக்க ஆளில்லை. இரண்டு குவளைகளையும் பார்த்தார்.

"சாரு கிளாசுல இருந்திச்சு."

"தேசிங்கு கிளாசுல?"

"இல்ல."

"நொர இருக்கும்போதே அவன் குடிச்சிருப்பான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நியாயமான ஆட்சேபணை. தலைவர் என்னைப் பார்த்தார். குடித்தவன் சாட்சி செல்லாது. ஆனால் குடித்துக் காட்டலாம். என் குவளையிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டுத் திரும்பப் பலகையில் வைத்தேன். பீர் இறங்கிய இடத்தில் கண்ணாடியின் உள்பக்கம் நுரை வெள்ளை வளையமாக ஒட்டிக்கொண்டு நின்றது. தேசிங்குவையும் ஒரு வாய் குடிக்கச் சொன்னார்கள். காப்புக் கட்டிய கையால் குவளையை எடுத்து, இருபது பேர் பார்க்கச் சோடா குடித்தார். அவர் வைத்த குவளையில் ஒன்றும் ஒட்டவில்லை.

ஏகாம்பரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "இல்லண்ணா. அவன் கிளாசு சுத்தமா இருந்திச்சு. பாதிதான் இருந்திச்சு, அதும் மேல வெறும் கண்ணாடி. அவன் சட்ட பொத்தான் அந்தாண்ட தெரிஞ்சிச்சு. இப்பதான் ஞாபகம் வருது." கொஞ்சம் நிறுத்தி, "அது சோடாதான்" என்றார்.

தலைவர் உட்கார்ந்தார். தேசிங்கு பெயர் சீட்டில் இருக்கும் என்றார். யாரும் கை தட்டவில்லை. அது அந்த மாதிரி இடமில்லை. ஏகாம்பரம் தேசிங்குவின் சட்டையை விரலால் பிடித்துப் பார்த்து, "போயி இத தோச்சிப் போடுடா, நாத்தம்" என்றார். "உங்கக்காவ வந்து தோய்க்கச் சொல்லு" என்றார் தேசிங்கு. அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இந்நேரம் மீன் ஆறிப் போயிருக்கும் என்று என்னிடம் சொன்னார், அதற்கும் நான்தான் பொறுப்பு என்ற தொனியில்.

பலகையில் முக்கால் குவளை பீர் மிச்சம் இருந்தது. ஊர்ப் பொதுவில் வைத்த சாட்சியத்தை நான் எடுத்துக் குடிப்பது முறையா என்று தயங்கினேன். காப்புக் கட்டாதவர் யார் என்று பார்த்தார்கள். வலை விட்டு ஓய்ந்துவிட்ட மாசிலாமணி என்ற பெரியவர், கேட்கும் முன்பே எழுந்து நின்றுகொண்டிருந்தார். யாரோ எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். அவர் குவளையிலிருந்து டம்ளருக்கு மாற்றி, இரண்டு மடக்கில் முடித்தார். "மோரு நல்லா கீது" என்றார்.

கலையும்போது பஞ்சாயத்து ஒரு புதிய கட்டுப்பாடும் போட்டது. சீட்டு வாரத்தில் காப்புக் கட்டியவர்கள் எதையும் கண்ணாடி கிளாசில் குடிக்கக் கூடாது; டம்ளரில் குடிக்கலாம். நான் தலைவரைத் தனியாகப் பிடித்தேன். ஐயா, கண்ணாடி இருந்ததால்தானே உண்மை தெரிந்தது, டம்ளரில் எதைக் குடித்தாலும் யாருக்கும் தெரியாதே என்றேன்.

"தெரியும் சார்" என்றார். "இது ஆயிரம் பேரு கீற ஊரு. அல்லாம் தெரிய ஆரம்பிச்சா நாளைக்கு சீட்டு எடுக்க ஆளே இருக்காது."

ஆட்சி செய்கிறவர்களில் இவ்வளவு வெளிப்படையாகப் பேசியவரை நான் அதற்கு முன் சந்தித்ததில்லை.

மாலை ஐந்தரைக்குத் தேசிங்கு என்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டார். பேசிய அறுநூறும் சாப்பாட்டுக் காசும்தான் வாங்கினார். அதற்கு முன், வரும் வழியில் பாலத்தருகே ஏரி தெரிந்ததும் வேகத்தைக் குறைத்து, தூரத்தில் நட்டிருந்த வலைக் கம்புகளைக் காட்டினார். "அது வந்தா போதும் சார். அந்த எடம் வர்லன்னா கூட பரவால்ல. எதுனா ஒண்ணு வந்தா சரி." வண்டி இயந்திரம் நின்று நின்று ஓடியது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

பாஸ்கருக்கு நான் அனுப்பிய முடிவு இதுதான். பீர் குவளையில்தான் சிறந்தது. வாசம், நுரை, வயிறு, மூன்றிலும் கேன் தோற்கிறது. ஆனால் குவளை உண்மையைச் சொல்லும் பாத்திரம். உண்மையைப் பாதி மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர் தெருவில் இருந்தால் ஆபத்து. முழுவதும் பார்க்கத் திரும்பி வருகிறவர் இருந்தால் ஆபத்தில்லை. அவர் திரும்பி வருவார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஆனால் அன்று வந்தார், பார்த்ததைச் சொன்னார். இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. பாஸ்கர், "கேனில் குடித்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காதே" என்று பதில் அனுப்பினார். கேன் நனைத்த சட்டையை அவர் பார்க்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கார்த்திகையிலிருந்து மாசி வரை நல்ல காலம். பங்குனி பிறந்தால் பகலில் நிற்க முடியாது. முன்னதாகச் சொன்னால்தான் வீடுகளில் சமைப்பார்கள். மடவை கேளுங்கள், நண்டு கிடைத்தால் விடாதீர்கள். பொது இடத்தில் குடிக்காதீர்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்க, அது யாரோ ஒருவர் தொழில் செய்யும் இடம். கண்ணாடிப் பாட்டிலைச் சென்னையிலேயே விட்டுவிடுங்கள். கேன் கொண்டுபோனால் நசுக்கித் திரும்பக் கொண்டுவாருங்கள், திறக்கும் முன் கால் மணி நேரம் ஆடாமல் வையுங்கள், எதிரே யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. உங்களோடு இருப்பவர் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்தால் டம்ளர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடைசிப் பேருந்தை நம்ப வேண்டாம். ஆறு மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.

தேசிங்குவின் ஆட்டோ வேண்டும் என்று நினைக்கிறவர்கள் ஸ்டாண்டில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது அது மூன்று நாளைக்கு ஒரு நாள் ஓடுவதில்லை. வண்டியை ஏலக் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு அவர் ஏரிக்குப் போய்விடுகிறார்.